சங்கையா நின்ற இடம்

பெத்தம்மாள் தன் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்று அவளுடைய மகனே சொல்வான். அவன் பேச்சை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்ளலாம் என்பது போகப் போகத் தெரியும். நாற்பது வருஷம் மகாராஜபுரத்து வயல்களில் நடவுக் கொத்துக்குத் தலைவியாக இருந்தவள் அவள். இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு வெயில் ஏறும் முன்னே சேற்றில் இறங்கிவிடுவாள். யார் கை வேகம், யார் வாய் வேகம், யாரை யார் பக்கத்தில் நிறுத்தினால் சண்டை வரும், எந்த வயலில் கால் முழங்கால்வரை போகும், எல்லாம் மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாது. அறிவொளிக்காரர்கள் வந்தபோது பெயரை எழுத மட்டும் கற்றுக்கொண்டாள். 'பெ' போட்டு முடித்ததும் செத்த நேரம் இளைப்பாறிவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போவாள்.

ஊரில் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்று எது வந்தாலும் "பெத்தம்மாவக் கேளுங்க" என்பார்கள். வேண்டியவர், வேண்டாதவர் பார்த்து அவள் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னாள் என்று ஒருத்தரும் சொன்னது கிடையாது. ஒரு குழி நிலம்கூடச் சொந்தமாக இல்லாதவளுக்கு அந்தப் பெயர்தான் சொத்து. எழுபத்தோரு வயதில் அந்தச் சொத்து அவள் கையை விட்டுப் போனது. போனது என்று சொல்வதுகூடப் பிசகு. பிடுங்கிக்கொண்டார்கள்.

கணவர் இறந்து, முழங்கால் இரண்டும் ஒரே சமயத்தில் மக்கர் பண்ணத் தொடங்கியதும் மகன் விஜயபாண்டி அவளை ராஜபாளையத்துக்குக் கூட்டி வந்துவிட்டான். பேண்டேஜ் துணி வியாபாரம் பார்த்தவன், அது கைகொடுக்காமல் இப்போது நிலம் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் நின்று பேசி முடித்துக் கொடுக்கிறான். எந்நேரமும் வெள்ளைச் சட்டை, இரண்டு செல்போன். மருமகள் யோகேஸ்வரி ஒரு மில் ஆபீஸில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் பெத்தம்மாளும் டிவியும்தான். டிவியை நிறுத்தத் தெரியாததால் அது பேசிக்கொண்டே இருக்கும்.

மறதி அங்கேதான் ஆரம்பித்தது. பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுத் துணி மடிக்கப் போனாள், பாத்திரம் கரியாகிப் போனது. மருமகளைத் தன் மகள் பெயரில் மகாலட்சுமி என்று கூப்பிட்டாள், அதுவும் ஒரே நாளில் மூன்று தடவை. மாத்திரை போட்டோமா, நேற்று வந்து போனது யார், சாவியை எங்கே வைத்தோம் என்று ஒவ்வொன்றும் தட்டழிந்தது. இதெல்லாம் உண்மை. அவளுக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று இதை மறைத்தால், நானும் அவள் மகனும் ஒன்றாகிவிடுவோம்.

ஆனால் ஒரு வீட்டில் ஒருவருக்கு மறதிக்காரி என்று பெயர் வந்துவிட்டால் மற்றவர்களுக்கு அதைப்போல வசதி வேறு கிடையாது. உடைந்த தம்ளர், நிறுத்தாமல் விட்ட மோட்டார், பக்கத்து வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்காத குக்கர், எல்லாம் அவள் தலையில் விழுந்தன. "நீதானம்மா சொன்ன, மறந்துட்ட" என்பான் விஜயபாண்டி. முதலில் சண்டை பிடித்தாள். பிறகு, சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்போம் என்று விட்டுவிட்டாள். தன்னையே நம்பாமல் இருப்பதற்கு அவள் ஒரே வருஷத்தில் பழகிப் போனாள்.

ஆடி மாதம் ஒருநாள் பாலம்மாள் தேடிக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து வருஷம் பெத்தம்மாளின் வலப்பக்கத்தில் நின்று நாற்று நட்டவள். மகாராஜபுரத்தில் அவளுக்கு ஒரு துண்டு வயல் உண்டு. அதற்குப் போகிற வண்டிப்பாதை சிவபாண்டியின் தென்னந்தோப்பு வழியாகப் போகிறது. அந்தப் பாதையே கிடையாது என்று சிவபாண்டி கம்பிவேலி போட்டுவிட்டார். பாலம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தாள். அவளுடைய வீட்டுக்காரரும் சிவபாண்டியின் அப்பாவும் பேசி முடித்து, பாதைக்கு இரண்டு பக்கமும் கல் நட்டதைக் கண்ணால் பார்த்தவர்களில், கேஸ் போட்ட பாலம்மாளை விட்டால், இன்னும் நடமாடுகிறவள் பெத்தம்மாள் ஒருத்திதான். வந்து சொல்லுவியா என்று கேட்பதற்குள் பெத்தம்மாள் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

விஜயபாண்டியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம். கல் நட்டவர்கள் பாதையில் நின்று, தலைமுறைக்கும் வண்டி போகட்டும் என்று கை கொடுத்துக்கொண்டார்கள். நாற்றுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இவர்கள் இருபது பேரும் ஓரமாக நின்றார்கள். ஒரு கல்லின் தலை உடைந்திருந்தது. பாலம்மாளுக்கு அன்றைக்குக் காய்ச்சல். நின்றுகொண்டே இவ்வளவும் சொன்னாள். அடுப்பில் காபிக்கு வைத்த தண்ணீர் பாதிக்கு வற்றியிருந்தது.

பாலம்மாளின் வக்கீல் பெத்தம்மாளைத் தேடி வீட்டுக்கே ஆள் அனுப்பி அவள் சொன்னதை டைப் அடித்து வாங்கிக்கொண்டார். பெத்தம்மாள் மூச்சுப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். இனி எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்பார், அது ஐப்பசியில் வரும் என்றார்கள்.

விஷயம் தெரிந்ததும் விஜயபாண்டி குதித்தான். வயசான காலத்தில் கோர்ட்டு எதற்கு, ஊர் வம்பு நமக்கு எதற்கு என்றான். பெத்தம்மாள் அசையவில்லை. பார்த்ததைச் சொல்லாமல் இருந்தால் சோறு இறங்காது என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவன் மூன்றாம் நாள் தானாக இறங்கி வந்தான். எனக்கும் சிவபாண்டிக்கும் பேச்சுவார்த்தையே இல்லம்மா, உன் நல்லதுக்குத்தான் சொன்னேன், சரி போ, ஆனா அங்க போய்த் திணறக் கூடாது, ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுவோம் என்றான். பெத்தம்மாளுக்கு மனசு குளிர்ந்து போனது.

ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் மாடியில் சிவரஞ்சனி என்ற பெண் இருந்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஞாபகத்தைச் சோதிக்கிறவள். தாமரை, பேனா, ரயில் என்று மூன்று சொல்லைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டுத் திரும்பக் கேட்டாள். பெத்தம்மாளுக்குத் தாமரை மட்டும்தான் மிஞ்சியது. இன்று என்ன தேதி என்று கேட்டதற்கு, "ஆடி இருபத்தொண்ணு, நாளைக்கழிச்சு ஆடிக் கார்த்திக" என்றாள். தாளில் அந்தப் பதிலை எழுத இடம் இல்லை. சிவரஞ்சனி ஓரத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு, நாற்று எப்படி நடுவது என்று கேட்டாள். பெத்தம்மாள் சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து குனிந்து, இடக்கையில் இல்லாத நாற்றுமுடியிலிருந்து மூன்று மூன்றாகப் பிரித்து, சிமெண்டுத் தரையில் ஒரு வரிசை நட்டுக் காட்டினாள். வரிசை பிசகவே இல்லை.

அம்மா பையன் இரண்டு பேரையும் உட்கார வைத்து அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். ஞாபகம் என்பது ஒரே பெட்டி கிடையாது, பல பெட்டி. கை பழகினது கடைசிவரை இருக்கும். பேச்சும் சொல்லும் இருக்கும், சிலருக்கு வயது ஏற ஏறக் கூடவே செய்யும். வாழ்க்கையில் அழுத்தமாக நடந்த பழைய நாட்கள் இருக்கும். நேற்று நடந்தது, ஆட்களின் பெயர், செய்ய வேண்டும் என்று நினைத்த வேலை, இவையெல்லாம் நழுவும். இன்னொன்றும் நழுவும், அதுதான் ஆபத்து என்றாள்.

"ஒரு விஷயத்த நாமளே பார்த்தோமா, யாரும் சொல்லிக் கேட்டோமா, அந்த வித்தியாசம் முதல்ல மங்கிடும். எது எந்த வருஷம்ங்கிற வரிசையும் குழம்பும். அதனால வீட்ல யாரும் நடக்காத ஒண்ண அம்மாகிட்ட திரும்பத் திரும்பச் சொல்லிடாதீங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க. ஆனா நிஜமாவே பார்த்த மாதிரி அவங்க கண்ணுல தெரியும்."

விஜயபாண்டி செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். எத்தனை தடவை சொன்னால் அப்படி ஆகும் மேடம் என்றுகூடக் கேட்டான். சிவரஞ்சனி, அதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் சார் என்றாள். படித்தவனைப்போலக் கேள்வி கேட்கிறானே என்று பெத்தம்மாளுக்குப் பெருமையாக இருந்தது. இறங்கி வரும்போது படிக்கட்டில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து மகன் அம்மாவை விழுந்து விழுந்து கவனித்தான். சாயங்காலமானால் வெள்ளைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பான். தேய்த்துக்கொண்டே கோர்ட்டுக்கு அவளைப் பழக்குவான். கல்லு எங்கம்மா நட்டாங்க? யார் யாரு நின்னாங்க? அவள் சொல்வாள். ஒருநாள், "சங்கையா மாமாவும் அங்க நின்னாரில்ல, வெத்தல போட்டுக்கிட்டு?" என்றான்.

சங்கையா ஊர்ப் பெரியவர். பெத்தம்மாளுக்குப் பெரியப்பா மகன். நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் அவர் இல்லாமல் இருக்காது. போய்ச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"அண்ணனா? அண்ணன் இருந்தாரா?" என்றாள் பெத்தம்மாள்.

"நீதானம்மா சொல்லுவ. வேப்பமரத்து நெழல்ல சங்கையா மாமா நின்னாரு, சுண்ணாம்பு வெரல கல்லுல தொடச்சாருன்னு. மறந்துட்டியா?"

மறந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் சங்கையா வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஆவணி முழுக்க, புரட்டாசி முழுக்க, தைலம் தேய்க்கும்போதெல்லாம் சங்கையா மாமா வேப்பமரத்தடியில் வந்து நின்றார். ஒரு கட்டத்தில் மகன் சொல்வதற்கு முன்பே அவள் சொன்னாள். அவருடைய வேட்டிக் கரை பச்சை என்றுகூடச் சொன்னாள், அது மகன் சொல்லாதது. விஜயபாண்டி சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் தைலம் ஊற்றினான்.

ஐப்பசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு மகனுடைய காரில் போனாள். சுங்குடிச் சேலை கட்டியிருந்தாள். வாசலில் நின்ற பாலம்மாள் அவள் கையைப் பிடித்து, பயப்படாத ஏட்டி என்றாள். பயம் உனக்கா எனக்கா என்று பெத்தம்மாள் கேட்டாள். விஜயபாண்டி, உள்ளே கூட்டம், நான் வெளியிலேயே நிற்கிறேன் என்றான்.

கூண்டில் சிவபாண்டியின் வக்கீல் மரியாதையாகவே ஆரம்பித்தார். கல் எத்தனை, எந்தப் பக்கம், எப்படி இருந்தது என்று கேட்டார். அவள் தடங்கல் இல்லாமல் சொன்னாள். பாதை எத்தனை அடி அகலம் என்றார்.

"அடியெல்லாம் தெரியாது ஐயா. ஒரு வண்டி போவும். அது போவும்போது நாத்துக்கட்டோட நாங்க ஓரத்துல ஒதுங்கி நிப்போம். வண்டியோட ஓரத்துல நிக்கிற முளைக்குச்சி எங்க மேல படாது. அம்புட்டு அகலம்."

நீதிபதி அம்மா தலையைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பாலம்மாளின் வக்கீல் முகத்தில் சிரிப்பு வந்தது. பெத்தம்மாளுக்குத் தன் பழைய குரல் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

அந்த இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று வக்கீல் கேட்டார். பாலம்மா வீட்டுக்காரர், சிவபாண்டி அப்பா, கொத்துப் பெண்கள் என்று அவள் சொன்னாள். வேறு யாராவது, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் அம்மா என்றார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வேப்பமரம் தெரிந்தது. வெற்றிலை தெரிந்தது. பச்சைக் கரை தெரிந்தது.

"சங்கையா மாமா நின்னாரு. மரத்து நெழல்ல."

கண்ணால் பார்த்தீர்களா என்றார். சத்தியமாகப் பார்த்தேன் என்றாள். சுண்ணாம்பு விரலைத் துடைத்ததையும் சேர்த்துச் சொன்னாள். வக்கீல் தன் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி நீதிபதியிடம் கொடுத்தார். சங்கையாவின் இறப்புச் சான்றிதழ். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் என்று அவள் எதைச் சொன்னாளோ, அதற்கு முந்தின தை மாதமே அவர் இறந்துவிட்டார். டைப் அடித்த வாக்குமூலத்தில் இந்தச் சங்கையா இல்லையே, நடுவில் எங்கிருந்து எழுந்து வந்தார் என்று வக்கீல் கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பெத்தம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் சாவுக்குப் போய் மாரடித்து அழுதது ஞாபகம் இருந்தது. அது முன்னாலா, இது முன்னாலா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவர் நிற்கவில்லை என்றால் மரம் நின்றதா? கல் நட்டார்களா? காய்ச்சலோடு பாலம்மாள் வந்தது நிஜமா? ஒன்று ஆடியதும் எல்லாம் ஆடின. வக்கீல், இதெல்லாம் கேஸ் போட்ட பாலம்மாள் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதானே என்று கடைசியாகக் கேட்டார். அவளால் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தெரியலையே ஐயா என்றாள். அது எழுதப்பட்டது.

வெளியே வராந்தாப் பெஞ்சில் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பாலம்மாளின் வக்கீல், பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் 'பார்ப்போம்' என்ற சொல்லில் பாதை இல்லை என்பது இரண்டு பேருக்கும் புரிந்தது. பாலம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பெத்தம்மாள் நினைத்தாள். வேறு எதையோ கேட்பதுபோலப் பாலம்மாள் கேட்டாள்.

"ஏட்டி, சங்கையா உனக்கு எப்பிடி மாமா ஆவாரு? நீ அண்ணன்னுல்ல கூப்பிடுவ?"

பெத்தம்மாள் தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்தாள். அவள் வாயில் பிறந்ததிலிருந்து அவர் அண்ணன். செத்த வீட்டிலும் அண்ணே அண்ணே என்றுதான் அழுதாள். அண்ணனை மாமா என்று கூப்பிட அவளுக்கு எந்த முறையும் இல்லை. அவளுடைய அண்ணன் யாருக்கு மாமாவோ, அந்த வாயிலிருந்துதான் இந்தச் சொல் வந்திருக்க வேண்டும். தைல வாசனையோடு அந்தக் குரல் காதில் கேட்டது. எத்தனை தடவை சொன்னால் அப்படி ஆகும் மேடம் என்று கேட்ட அதே குரல்.

எழுந்து வாசலுக்கு வந்தாள், பாலம்மாளும் கூடவே வந்தாள். எதிரே டீக்கடையில் விஜயபாண்டி நின்றிருந்தான். பேச்சுவார்த்தையே இல்லை என்று சொன்ன சிவபாண்டி அவன் தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். தோப்பு மொத்தமாகக் கைமாறப் போகிறது, நடுவில் பாதை இருந்தால் வாங்குகிறவன் வரமாட்டான், பேசி முடிக்கிறவன் பெத்தம்மா மகன்தான் என்று டீ வாங்கிக்கொண்டு வந்த பக்கத்து ஊர்க் கூமாப்பட்டிக்காரர் ஒருவர் பாலம்மாளிடம் சொன்னார். ஊருக்கே தெரிந்திருந்தது. பெற்றவளுக்குத் தெரியவில்லை.

பெத்தம்மாள் ரோட்டைக் கடந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏலே விஜயா, சங்கையா அண்ணன் அங்க நின்னாருன்னு எனக்குச் சொன்னது யாருலே?"

அவன் தலை குனியவில்லை. குனிந்திருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள்.

"நீதானம்மா சொன்ன. மறந்துட்ட" என்றான்.

வயிறு பற்றி எரிந்தது. அடிக்கக் கை வரவில்லை. இந்தக் காலைப் பிடித்துத் தேய்த்த கை அது என்று பார்த்துக்கொண்டே நின்றாள். தன் ஞாபகம் தன்னைக் கைவிட்டதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அது வயதானால் வருவது. எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த இடத்திலேயே கையை வைத்தவன் பெற்ற பிள்ளை. வண்டியில் ஏறும்மா, வெயிலா இருக்கு என்றான் அவன். அவள் திரும்பி நடந்தாள்.

ஊருக்குத் திரும்ப, வத்திராயிருப்பு பஸ்ஸில் பாலம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனி எங்கே இருப்பாய் என்று பாலம்மாள் கேட்கவில்லை. அவள் மடியில் இருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் ஊரைத் தாண்டியதும் பெத்தம்மாளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

"பாலு, நான் இத மறந்துருவேன்."

"மறந்தா நல்லதுதான ஏட்டி."

"நல்லதில்ல. அவன் வருவான். அம்மான்னு கூப்பிடுவான். நான் என்ன ஏதுன்னு தெரியாம சிரிச்சிக்கிட்டே கால நீட்டுவேன். அவன் அதத்தான் நம்பி இருக்கான். நீ எனக்குத் தெனமும் சொல்லணும். அவன் சொன்ன மாதிரியே, காலையில ஒரு தரம், பொழுதடைய ஒரு தரம்."

பெத்த பிள்ளை செய்ததைத் தாய்க்காரியிடம் தினமும் எப்படிச் சொல்வது, தன் வாயால் வராது என்று பாலம்மாள் கண்ணைத் துடைத்தாள். பெத்தம்மாள் கெஞ்சவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே சொல்லத் தொடங்கினாள். சங்கையா எனக்கு அண்ணன், மாமான்னு சொன்னது என் மகன். முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். கிருஷ்ணன்கோவிலில் ஆள் ஏறும்போதும் சொன்னாள். டிக்கெட் கேட்ட கண்டக்டருக்கு முன்னாலும் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

வத்திராயிருப்பில் பஸ் நின்றது. படியில் ஒரு காலை வைத்தவள், இறங்காமல் திரும்பினாள்.

"மாமான்னு சொன்னது யாருட்டி?"

பின்னால் இறங்க வேண்டியவர்கள் சத்தம் போட்டார்கள். பாலம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "உன் மகன் விஜயபாண்டி" என்றாள்.

கேட்டதும் பெத்தம்மாளுக்கு, டீக்கடை வாசலில் எரிந்த அளவுக்கே, வயிறு மறுபடியும் எரிந்தது.

"சரியாச் சொன்ன" என்றாள். "நாளைக்கும் இப்பிடியே சொல்லு."